கருத்தடைப் பொருள் ‘நில் ஸ்டாக்’: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

கருத்தடைப் பொருள் கையிருப்பில் ஒன்றுமே இல்லை என்றால் ‘நில் ஸ்டாக்’ என்போம். அப்போது மாதாந்திர ரிவியூ மீட்டிங்கில் அடிக்கடி காதில் விழுவது, “சப்ளை வரல சார்.” நானும் சொல்லியிருக்கிறேன். வட்டார ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் மருந்துக் கிடங்கில் இருபது வருஷம் மருந்தாளுநராகக் கழித்த பிறகு, அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வருவதில்லை. மேலிருந்து நிஜமாகவே வராமல் போனது சில தடவைதான். மாத்திரை மாவட்டத்துக்குள்ளேயே எங்கோ இருக்கும். எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு வேண்டும் என்கிற எண் மட்டும் தப்பாக இருக்கும். பல தடவை நடந்தது இதுதான். எண்ணைச் சரிசெய்யாமல் பெட்டி கேட்டால் வருகிற பெட்டியும் வேண்டாத இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இந்தக் குறிப்பு மருந்தாளுநர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும். அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போய்க்கொள்ளலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## எதற்கும் முன்னால்: மூன்று எண்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். நிரோத் (ஆணுறை), மாலா-என் (தினசரி மாத்திரை), சாயா (வார மாத்திரை), அந்தரா (ஊசி), காப்பர்-டி (கருப்பையில் பொருத்துவது) இரண்டு வகை, அவசரக் கருத்தடை மாத்திரை, கர்ப்பப் பரிசோதனை கிட் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று எண்: அலமாரியில் கையால் எண்ணியது, ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருப்பது, கம்ப்யூட்டர் திரை காட்டுவது. திரை என்று நான் சொல்வது எஃப்.பி.எல்.எம்.ஐ.எஸ். 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் கொண்டுவந்த குடும்ப நலப் பொருள் கணக்கு அது. டெல்லியில் உட்கார்ந்திருப்பவரும் உங்கள் துணை சுகாதார நிலையத்து (சப்-சென்டர்) இருப்பை அதில்தான் பார்க்கிறார்.

ஒரு வருஷம் எங்களிடம் மாலா-என் இப்படி இருந்தது: கையில் 96, ரெஜிஸ்டரில் 140, திரையில் 212. ஒரே பொருள், ஒரே அறை, ஒரே நாள். தோண்டிப் பார்த்தால் 44 அட்டை, ஒரு சிஸ்டர் அவசரமாகக் கேட்டார் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. சீட்டு மேஜை டிராயரில் கிடந்தது. மீதி 72, ரெஜிஸ்டரில் கழித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் கழிக்க மறந்த சப்-சென்டர் வழங்கல். களவும் இல்லை, கசிவும் இல்லை. ஆனால் அந்த 212-ஐப் பார்த்துத்தான் மாவட்டத்தில் எங்கள் இன்டென்டை (தேவைப் பட்டியலை) ஓரமாக வைத்திருந்தார்கள்.

மூன்றில் எதை நம்புவது? கையால் எண்ணியதை மட்டும். மற்ற இரண்டையும் அதற்கு இழுத்து வாருங்கள். வித்தியாசத்தை ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் காரணத்தோடு எழுதி, மருத்துவ அலுவலரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். பழைய தேதி போட்டு நேராக்கப் பார்க்காதீர்கள். தணிக்கையில் வித்தியாசத்துக்குப் பதில் சொல்லிவிடலாம், திருத்திய தேதிக்குப் பதில் சொல்ல முடியாது.

எண்ணும்போது அலகையும் கவனியுங்கள். நிரோத் கணக்கு பீஸில் நடக்கிறது, கையில் கொடுப்பது பாக்கெட்டாக. மாலா-என் சைக்கிளில், அதாவது 28 மாத்திரை அட்டை ஒன்று. சாயா 8 மாத்திரைப் பட்டை. புதிதாக வந்த தம்பி ஒருவர் 30 பட்டையை 240 என்று ஏற்றிவிட்டார். அந்த எட்டு மடங்கு ஸ்டாக் திரையில் இருக்கும்வரை எங்களுக்கு ஒரு பட்டைகூட வரவில்லை. (அதே தம்பிதான் முதல் நாள், “சாயாவா? டீக்குப் போற மாத்திரையா சார்?” என்று கேட்டவர்.)

## அறிகுறி: “உங்ககிட்டதான் ஸ்டாக் இருக்கே” என்று மாவட்டத்தில் சொல்கிறார்கள், அலமாரி காலி

மேலே சொன்ன 212 கதைதான் பெரும்பாலும். அது இல்லையென்றால் சப்-சென்டர் பக்கம் பாருங்கள். செவிலியர் மாறுதலில் போயிருப்பார். பக்கத்து சப்-சென்டர் சிஸ்டர் கூடுதல் பொறுப்பில் வாரத்துக்கு ஒரு நாள் வந்து போவார். பழையவர் பூட்டிவிட்டுப் போன பீரோவுக்குள் மாத்திரை இருக்கும், சாவி இருக்காது. போர்ட்டலில் பழையவரின் செல்போன் எண்ணே பதிந்திருக்கும். அந்தச் சப்-சென்டர் கணக்கில் 60 அட்டை மாதக்கணக்காக அசையாமல் நிற்கும்.

வழங்கல் சும்மா தொங்குவதும் உண்டு. மாவட்டத்திலிருந்து ‘அனுப்பினோம்’ என்று பதிந்திருப்பார்கள், நம் பக்கத்தில் ‘பெற்றுக்கொண்டோம்’ அழுத்தியிருக்க மாட்டோம். சரக்கு நம் அறையில், கணக்கு நடுவழியில். பெட்டி இறங்கிய அன்றைக்கே, பெட்டியைப் பிரித்து எண்ணிய பிறகு, பெறுகையைப் பதியுங்கள். மாசக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து போடுவது எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு நாள் மட்டுமே திரை உண்மை பேசும், மீதி நாளெல்லாம் பொய்.

மாறுதல் உத்தரவு வந்தால் பிரிவு உபசாரத்துக்கு முன்னால் பீரோவைத் திறந்து இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இதை வட்டார அளவில் ஒரு பழக்கமாக்கிவிட்டால் இந்த அறிகுறி முக்கால்வாசி மறைந்துவிடும்.

## அறிகுறி: மாவட்டத்தில் பெட்டி இருக்கிறது, நம் ஊருக்கு வந்து சேரவில்லை

பாராசிட்டமால், இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டிபயாடிக் எல்லாம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்து மாவட்டக் கிடங்கிலிருந்து பாஸ்புக் (நிலையத்துக்கு ஒதுக்கிய தொகையில் எடுத்ததைப் பதியும் புத்தகம்) கணக்கில் வருகின்றன. 1994-ல் தொடங்கிய கழகம் அது. அந்த ஓட்டம் பழகிப்போனது. கருத்தடைப் பொருளின் வழி வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றை மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தருகிறது. எங்கள் மாவட்டத்தில் அவை குடும்ப நலச் செயலகத்துக் கணக்கில் இருக்கும். அலுவலகம் வேறு, அறை வேறு, கையெழுத்து வேறு. மருந்து எடுக்கப் போகிற வண்டி அந்தப் பக்கம் போகாது. ஒரு அட்டைப்பெட்டி மாத்திரைக்காகத் தனியாக டீசல் போடவும் யாரும் முன்வர மாட்டார்கள்.

தனி வண்டிக்காகக் காத்திருக்காதீர்கள், ஏற்கெனவே ஓடுகிற வண்டியில் ஏற்றுங்கள். 1968-ல் நிரோத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனபோது இதைத்தான் செய்தார்கள். மூன்று ஆணுறை 15 பைசா. அரசிடம் அத்தனை வண்டி ஏது? தேயிலை, சோப்பு, சிகரெட், பேட்டரி விற்ற பெரிய கம்பெனிகளின் விநியோகத்தில் ஏற்றிவிட்டார்கள். புரூக் பாண்ட் டீத்தூள் போன பெட்டிக்கடைக்கெல்லாம் நிரோத்தும் போனது.

நமக்கு இரண்டு ஓட்டம் கைவசம் இருக்கிறது. ஒன்று, பாஸ்புக் மருந்து எடுக்கும் நாள். குடும்ப நல அலுவலகத்துக்கு முந்தின நாளே போன் போட்டு இன்டென்டைத் தயார் செய்யச் சொல்லிவிட்டால், திரும்பும் வழியில் பத்து நிமிஷ வேலை. இன்னொன்று புதன்கிழமை. தடுப்பூசி நாள் என்பதால் காலையில் சிஸ்டர்கள் தடுப்பூசி எடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படியும் வருகிறார்கள். அப்போதே அந்த மாதத்து மாலா-என், சாயா, நிரோத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை: அந்தராவை வேக்ஸின் கேரியர் என்கிற ஐஸ் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சில நாடுகளில் இதையே தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். ஜிம்பாப்வேயில் 2004 முதல் வண்டி ஒவ்வொரு கிளினிக்காகப் போனது. வந்தவர்களே அலமாரியை எண்ணி, குறைந்ததை வண்டியிலிருந்து நிரப்பிவிட்டுக் கிளம்பினார்கள். செனகலில் டாக்கர் பக்கம் பிக்கின் என்ற இடத்தில் தொடங்கி அதே மாதிரி செய்தார்கள். செவிலியர் இன்டென்ட் எழுத வேண்டிய வேலையே கிடையாது. நம் வட்டாரத்தில் அப்படி ஒரு வண்டி வரும்வரை, மாதம் ஒரு தரம் சப்-சென்டருக்குப் போகிற பகுதி சுகாதாரச் செவிலியர் கையில் ஒரு பையைக் கொடுத்து, “அக்கா, எண்ணிட்டு நிரப்பிட்டு வாங்க” என்று சொல்லலாம். நாங்கள் தூரத்து நான்கு சப்-சென்டர்களுக்கு இப்படித்தான் ஓட்டுகிறோம்.

## அறிகுறி: கேட்டது ஒன்று, வந்தது பாதி

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

எங்கள் பக்கத்தில் வருஷக்கணக்காக நடந்த கூத்து: 100 வேண்டியவர் 200 என்று எழுதுவார், “எப்படியும் பாதிதான் தருவாங்க.” மேலே இருப்பவர் பாதியாகக் கிழிப்பார், “எப்படியும் ரெண்டு மடங்காத்தான் கேப்பாங்க.” நேர்மையாக 100 கேட்டவருக்கு 50 கிடைக்கும். அடுத்த தடவை அவரும் 200 எழுதுவார். கொஞ்ச நாளில் மாவட்டத்தில் யாருக்கும் யாருடைய எண்ணும் தெரியாது.

இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, எண் எங்கிருந்து வந்தது என்பதை இன்டென்டிலேயே காட்டுவது. கணக்கு எளிது. சராசரி மாதப் பயன்பாட்டை எடுத்து, எத்தனை மாத இருப்பு வைத்துக்கொள்ள அனுமதியோ அதால் பெருக்கி, கையிருப்பைக் கழிப்பது. வழியில் வந்துகொண்டிருப்பது ஏதாவது இருந்தால் அதையும் கழிப்பது. தப்பு நடப்பது சராசரியில்தான், அதுவும் இரண்டு விதமாக.

முதல் தப்பு, காலியாக இருந்த மாதத்தையும் சேர்த்து வகுப்பது. ஆறு மாத மாலா-என் வழங்கல் இது: ஜனவரி 30, பிப்ரவரி 34, மார்ச் 8, ஏப்ரல் 0, மே 32, ஜூன் 28. கூட்டினால் 132, ஆறால் வகுத்தால் 22. ஆனால் மார்ச் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோய் ஏப்ரல் முழுக்க அட்டையே இல்லை. அந்த இரண்டு மாதமும் பயன்பாடு குறையவில்லை, கொடுக்கத்தான் முடியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டு நான்கு மாதத்து 124-ஐ நான்கால் வகுத்தால் 31. மூன்று மாத இருப்பு என்றால் 93. கையில் 20 இருந்தால் கேட்க வேண்டியது 73. பழைய சராசரிப்படி கேட்டிருந்தால் 46. அந்த 46 வந்து சேர்ந்தால் மொத்தம் 66, இரண்டு மாதத்தைத் தாண்டிச் சில நாள்தான் ஓடும். மூன்றாவது மாதம் மறுபடியும் நில். அடுத்த சராசரியில் அந்தப் பூஜ்யமும் சேர்ந்து, எண் இன்னும் இறங்கும். ஒரு தடவை தீர்ந்துபோன இடத்தில் திரும்பத் திரும்பத் தீர்ந்துபோவது இப்படித்தான்.

இரண்டாவது தப்பு, கொடுத்ததைப் பயன்பாடு என்று எழுதுவது. நான் சப்-சென்டருக்கு 50 அட்டை கொடுத்தால் என் ரெஜிஸ்டரில் 50 கழியும். சிஸ்டர் அதில் 12 தான் பெண்களிடம் கொடுத்திருப்பார். மலைப்பகுதியில் ஆஷா என்கிற கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் வழியாகப் போவதும் இதே கதைதான். ஆஷா பையில் இருப்பதும் இருப்புதான். இன்டென்டுக்கு வேண்டியது அந்த 12. ஆகவே சப்-சென்டர் மாதத் தாளில் ‘பெற்றது, பயனாளிக்குக் கொடுத்தது, கையில் இருப்பது’ மூன்றும் இல்லாவிட்டால் அடுத்த பையை நான் கொடுப்பதில்லை. முதல் இரண்டு மாதம் என்மேல் வருத்தப்பட்டார்கள். “சார், மாத்திரைக்கு இவ்ளோ கணக்கா?” என்றவர்கள், மூன்றாவது மாதம் கேட்டது கேட்டபடி கிடைத்ததும் தாளைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள்.

இன்டென்டின் பின்பக்கத்தில் அந்த ஆறு மாத எண்களையும், எந்த மாதம் எத்தனை நாள் காலி என்பதையும் எழுதி அனுப்புங்கள். கிழிப்பவர் கை தயங்கும்.

## அறிகுறி: சாயா ஒரு மாதம் பறக்கிறது, அப்புறம் அசையவே மாட்டேன் என்கிறது

கணக்கு சரியாக இருந்தும் இது நடக்கும். காரணம் மாத்திரைக்குள் இருக்கிறது. சாயா ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அதன்பின் வாரம் ஒன்று. எட்டு மாத்திரைப் பட்டை புதியவருக்கு நான்கு வாரம், பழகியவருக்கு எட்டு வாரம். ஒரே சமயத்தில் பத்துப் பெண்கள் புதிதாகத் தொடங்கினால் மாதம் பத்துப் பட்டை போகும், நான்காவது மாதம் அதே பத்துப் பேருக்கு ஐந்து போதும். யாரும் விட்டுப்போகவில்லை, ஆனால் வரைபடத்தில் பாதியாகச் சரியும். ‘விட்டுப்போனவர்கள்’ என்று மீட்டிங்கில் திட்டு வாங்கிய ஒரு சிஸ்டருக்காக இதைப் போர்டில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. சாயாவுக்குச் சராசரி போடாதீர்கள். புதியவர் எத்தனை, பழகியவர் எத்தனை என்று இரண்டு எண்ணாக எழுதுங்கள்.

மாலா-என்னிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. அட்டையில் 28 மாத்திரை, மாதத்தில் 30, 31 நாள். ‘மாதம் ஒரு அட்டை’ என்று கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் அவர் கையில் மாத்திரை இருக்காது. வருஷத்துக்குப் பன்னிரண்டு போதாது, பதின்மூன்று வேண்டும். பழகிய பயனாளிக்கு ஒரே தடவையில் இரண்டு மூன்று அட்டை கொடுத்து விடுங்கள். அவருக்கும் பஸ் செலவு மிச்சம்.

## அறிகுறி: அந்தரா இருக்கிறது, போட முடியவில்லை, அல்லது போட வந்தவர் திரும்பிப் போகிறார்

தமிழ்நாட்டில் தற்காலிக முறைகளின் எண்ணிக்கையே சிறிசு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் திருமணமான பெண்களில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டும் 57.8 சதவீதம். மீதி எல்லா முறைகளும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தப் பொருள்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்பது என் எண்ணம். ஒரு சப்-சென்டரில் அந்தரா போடுவோர் நான்கு பேர் இருப்பார்கள். நான்கு பேருக்குச் சராசரி எதற்கு? ஒரு மாதம் மூவர் வருவார்கள், அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள். இங்கே பெயர்ப் பட்டியல்தான் இன்டென்ட். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அடுத்த தேதி அட்டையில் இருக்கிறது. வரும் மூன்று மாதத்தில் யார் யாருக்கு எப்போது என்று எழுதி, புதிதாக வரக்கூடியவர்களுக்கு ஒன்றிரண்டு சேர்த்துக் கேளுங்கள்.

குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலும் நான்கு வாரம் பின்னாலும் போடலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டாக் இல்லாத நாளில் இந்த நான்கு வாரம்தான் நம் கையில் இருக்கிற அவகாசம். எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்று இதில்தான். மூன்றாவது ஊசிக்கு வந்த ஒரு பெண்ணிடம், “ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம் பாரு” என்றேன். அடுத்த வாரம் அவர் வந்தபோதும் ஸ்டாக் வரவில்லை. அதற்கடுத்து கூலி வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை. பிறகு அவர் வந்தது கர்ப்பப் பரிசோதனைக்கு. அன்றைக்கு நான் போன் நம்பரும் வாங்கவில்லை, கடைசித் தேதியையும் சொல்லவில்லை. இடைவெளிக்கு நிரோத்தாவது கொடுத்திருக்கலாம். பக்கத்து நிலையத்தில் ஆறு குப்பி இருந்தது பின்னால்தான் தெரிந்தது.

இனி, இருந்தும் போட முடியாத நிலை. குப்பிகள் ஐ.எல்.ஆர். என்கிற குளிர்பெட்டியில் தடுப்பூசியோடு குளிர்ந்துகொண்டிருக்கிறதா பாருங்கள். ஊசி என்றாலே ஃப்ரிட்ஜ் என்று கை தானாகப் போகும். இதற்குக் குளிர் வேண்டாம், உறையவே கூடாது. 15 முதல் 30 டிகிரிக்குள், குப்பி நிமிர்ந்து நிற்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் 30 எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நான் அந்தரா பெட்டியை ஏசி உள்ள டாக்டர் அறை அலமாரியில் வைத்துவிட்டு, கிடங்கில் ‘டாக்டர் அறையில்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். சீட்டு ஒட்ட மறந்த வாரத்தில் ‘நில் ஸ்டாக்’ என்று ஒரு சிஸ்டர் எழுதிவிட்டுப் போனார்.

மருந்து அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் கெட்டுவிட்டது என்று ஒதுக்காதீர்கள். அது கரைசல் இல்லை, கலங்கல். நின்றால் படியத்தான் செய்யும். நன்றாகக் குலுக்கினால் சமமாகக் கலந்துவிடும். குலுக்கியும் கட்டியாகவே நின்றால் ஒதுக்கிவிடுங்கள்.

## அறிகுறி: காப்பர்-டி கறுத்துப்போயிருக்கிறது

ஒரு பெட்டி முழுக்கக் கழிவுக்கு எழுதி வைத்திருந்தார்கள், நல்ல வேளை நான் பார்த்தேன். செம்பு காற்றுப்பட்டால் கறுக்கும், வீட்டுச் செம்புக் குடம் மாதிரி. உறை கிழியாமல் ஓட்டையில்லாமல் இருந்து, தேதியும் தாண்டாமல் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். உறை பிரிந்திருந்தால் பளபளவென்று இருந்தாலும் வேண்டாம்.

உறை மேலுள்ள தேதி, கிருமி நீக்கம் எதுவரை செல்லும் என்பதற்கான தேதி; அதற்குள் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். கடைசி மாதத்தில் பொருத்தினாலும் 380 ஏ வகை பத்து வருஷமும் 375 வகை ஐந்து வருஷமும் வேலை செய்யும். இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைக்காதீர்கள். அட்டையில் ஐந்துக்குப் பதில் பத்து என்று எழுதிவிட்டால் அது தெரியவர ஐந்து வருஷம் ஆகும்.

## அறிகுறி: நிரோத் பெட்டி அப்படியே நிறைந்திருக்கிறது, ஆனால் கேட்பவர்கள் இருக்கிறார்கள்

பெட்டி எங்கே தொங்குகிறது? ஓ.பி. சீட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் என்றால் ஐம்பது பேர் பார்க்க யார் கை நீட்டுவார்கள்? எங்களுடையதை ஆண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாற்றினோம். அதே பெட்டி, அதே ஊர். வாரத்துக்கு இரண்டு தடவை நிரப்ப வேண்டியதாயிற்று. மாத்திரை ஜன்னலிலும் இது உண்டு. “சார்... அந்த மாத்திரை” என்று குரல் இறங்கும்போதே புரிந்துகொண்டு பழுப்புக் கவரில் போட்டுக் கொடுங்கள். ‘எந்த மாத்திரைம்மா?’ என்று சத்தமாகக் கேட்டால் அந்தப் பெண் அடுத்த மாதம் வரமாட்டார். நம் கணக்கில் அது ‘தேவை குறைவு’ என்று பதிவாகும்.

சேமிப்பும் பாருங்கள். ரப்பருக்கு வெயிலும் எண்ணெயும் ஆகாது. மின்மோட்டார், டியூப்லைட் பக்கமும் அடுக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு நேர் கீழே மேல்தட்டில் அடுக்குவது எல்லா நிலையங்களிலும் பார்க்கிற காட்சி. தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்த்தட்டில் வையுங்கள். சந்தேகம் வந்தால் பாக்கெட்டை இரண்டு விரலால் அழுத்துங்கள். உள்ளே காற்று மெத்தென்று இருக்க வேண்டும். தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த அட்டைப்பெட்டி முழுவதையும் சோதியுங்கள்.

## அறிகுறி: கேட்காமலே கொட்டுகிறார்கள், தேதி முடிகிறது

மார்ச் மாதம் வந்தால் எங்கள் பக்கம் இது வழக்கம். வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்குச் சொல்ல முடியும். 400 அட்டை இறங்குகிறது. மாதம் 25 போகிறது. தேதி முடிய ஒன்பது மாதம். ஒன்பது மாதத்தில் 225 தான் போகும், 175 நிச்சயமாக வீண். இதை இறங்கிய அன்றைக்கே எழுதி, எந்த வட்டாரத்துக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். ஏழாவது மாதம் கேட்டால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. அடுக்கும்போது முன்னால் வந்தது முன்னால் என்றில்லை, முன்னால் முடிவது முன்னால். பெட்டியின் வெளிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மாதமும் வருஷமும் பெரிதாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## அறிகுறி: நிஜமாகவே எங்கேயும் இல்லை

பக்கத்தில் மூன்று நிலையங்களையும் மாவட்டத்தையும் கேட்டாயிற்று, யாரிடமும் இல்லை. அப்படியும் நடக்கும். இருப்பதைச் சிக்கனமாகப் பிரியுங்கள். மூன்று அட்டை கொடுத்தவருக்கு ஒன்று கொடுங்கள், யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். வேறு முறைக்கு மாற்ற வேண்டுமென்றால் அதை டாக்டர் பேசி முடிவு செய்யட்டும். மாலா-என் தீர்ந்தது, சாயாவைப் பிடி என்று ஜன்னலிலேயே கைமாற்றுவது தப்பு. பாலூட்டும் தாயா, ரத்த அழுத்தம் உண்டா என்று எதுவும் நமக்குத் தெரியாது. இடையில் நிரோத் கொடுக்கலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

கூடவே ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: தேதி, பொருள், ஓ.பி. எண். கேட்டும் கிடைக்காமல் திரும்பியவர்கள். பெயர் வேண்டாம். ஒரு மாதம் எங்களிடம் அந்தப் பக்கத்தில் 11 வரி சேர்ந்தது. ரிவியூ மீட்டிங்கில் ‘சப்ளை வரல சார்’ என்று சொல்லாமல் அந்தப் பக்கத்தை மட்டும் அதிகாரி மேஜையில் வைத்தேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு அங்கேயே இன்னொரு வட்டாரத்துக்கு போன் போட்டார். எட்டு மாதமாக அசையாமல் கிடந்த 60 அட்டை மாலா-என், புதன்கிழமை தடுப்பூசி வண்டியில் வந்து இறங்கியது.